ஊரை விட்டு யார் போவது? 10-வது பிரிவு சொல்லும் பதில்

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 10-வது பிரிவின்படி ஊருக்குள் நுழையத் தடை விதிக்கப்பட்டவருக்கு, அந்த உத்தரவை ரத்து செய்யவோ மாற்றவோ கோரி மனு கொடுக்க 30 நாள் அவகாசம் உண்டு. உத்தரவு கைக்குக் கிடைத்த நாளிலிருந்து என்று பலர் எண்ணுகிறார்கள். உத்தரவின் தேதியிலிருந்தே அந்தக் கெடு ஓடத் தொடங்குகிறது. வாசகர் கடிதங்களில் இந்த 30 நாளோடு 60 நாளும் 90 நாளும் கலந்து கிடக்கின்றன. 60 நாள் என்பது நடந்த குற்றத்தை விசாரித்துக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய. 90 நாள் என்பது உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய. 30 நாள் மனுவோ உத்தரவிட்ட அதே சிறப்பு நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டியது. அந்த உத்தரவு இனி நடக்கக்கூடும் என்று நீதிமன்றம் கருதும் குற்றத்தைப் பற்றியது.

இந்தப் பிரிவைத் தமிழ்நாடு கவனித்தது 2022 செப்டம்பரில். தென்காசி மாவட்டம் சங்கரன்கோவில் அருகே பாஞ்சாகுளத்தில் தின்பண்டம் வாங்க வந்த பட்டியல் சாதிப் பிள்ளைகளிடம், ஊரில் கட்டுப்பாடு போட்டிருக்கிறது, இனிமேல் தர மாட்டார்கள், வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் சொல்லும் வீடியோ வாட்ஸ்அப்பில் பரவியது. பிள்ளைகள் பள்ளிக்குப் போகிற வழியில் நிற்கிறார்கள். கட்டுப்பாடு என்றால் என்ன என்று கேட்கிறார்கள். கடைக்குச் சீல் வைக்கப்பட்டது, கைது நடந்தது. தென்மண்டலக் காவல்துறை 10-வது பிரிவின் கீழ் நீதிமன்றத்தை நாடியது. ஐந்து பேர் ஆறு மாதத்துக்கு ஊருக்குள் நுழையக் கூடாது என்று திருநெல்வேலி நீதிமன்றம் உத்தரவிட்டது.

மாநிலத்தில் இதுவே முதல் முறை என்று அதிகாரிகள் தரப்பில் பெருமையாகச் சொல்லப்பட்டது. பெருமைப்பட அதில் அதிகம் இல்லை. 1989-ல் இயற்றப்பட்டு 1990 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த மூலச் சட்டத்தில், இந்தப் பிரிவு அரசியலமைப்பின் 244-வது பிரிவு குறிப்பிடும் பட்டியல் பகுதிகளுக்கும் பழங்குடிப் பகுதிகளுக்கும் மட்டுமே பொருந்தியது. தமிழ்நாட்டில் அப்படி அறிவிக்கப்பட்ட பகுதி ஒன்றுகூட இல்லை. அதாவது 26 ஆண்டுகள் இந்தப் பிரிவு இங்கே ஏட்டில் மட்டும் இருந்தது. 2015-ம் ஆண்டுத் திருத்தம்தான், வன்கொடுமை நடக்க வாய்ப்புள்ளதாக மாநில அரசு அடையாளம் காணும் பகுதிகளையும் சேர்த்தது. திருத்தம் 2016 ஜனவரி 26 அன்று அமலுக்கு வந்த பிறகும் முதல் உத்தரவுக்கு ஆறரை ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

பிரிவு வேலை செய்யும் விதம் இதுதான். காவல்துறை அறிக்கையோ புகாரோ வந்து, ஒருவர் வன்கொடுமைக் குற்றம் செய்யக்கூடும் என்று சிறப்பு நீதிமன்றம் நம்பினால், அந்தப் பகுதியை விட்டு வெளியேற உத்தரவிடலாம். எத்தனை நாளுக்குள் போக வேண்டும், எந்த வழியாகப் போக வேண்டும் என்பதுகூட உத்தரவில் எழுதப்படும். தடை மூன்று ஆண்டு வரை நீளலாம். திருத்தத்துக்கு முன் இரண்டு ஆண்டு. காரணத்தையும் சேர்த்தே தெரிவிக்க வேண்டும். அவசரத் தேவைக்கு ஊருக்கு வர நீதிமன்றம் எழுத்து மூலம் தற்காலிக அனுமதி தரலாம், அதற்குப் பிணைப்பத்திரமும் கேட்கலாம். மீறினால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும்.

இதன் கூர்மை எங்கே என்றால், ஊரை விட்டுப் போகிறவர் யார் என்பதை இது மாற்றுகிறது. வழக்கமாக ஒரு மோதல் நடந்தால் தாசில்தார் அலுவலகத்தில் சமாதானக் கூட்டம் போடுவார்கள். அங்கே விட்டுக்கொடுக்கச் சொல்லி நெருக்கப்படுகிறவர் பெரும்பாலும் புகார் கொடுத்தவர்தான். புகாரைத் திரும்பப் பெறாவிட்டால் அவருக்கு மளிகைக் கடையும் டீக்கடையும் மூடிக்கொள்ளும், கூலி வேலையும் கிடைக்காது. கடைசியில் மூட்டை கட்டுவது அவர் குடும்பம். இந்தப் பிரிவு அந்தப் பயணத்தை எதிர்த் தரப்பின் தலையில் வைக்கிறது.

கவலைக்கும் இடமிருக்கிறது. குற்றம் நிரூபிக்கப்படாமலே ஒருவர் வீட்டை விட்டு வெளியேறுகிறார். ‘செய்யக்கூடும்’ என்பதை எந்த ஆதாரத்தால் அளப்பது என்று சட்டம் விரித்துச் சொல்லவில்லை. அதைவிடப் பெரிய ஓட்டை, பகுதியை அடையாளம் காண வேண்டியது அரசு என்பது. ஓர் ஊரைப் பட்டியலில் சேர்ப்பது அங்கே சாதிக் கொடுமை இருப்பதாக அரசே ஒப்புக்கொள்வது. மாவட்டம் அமைதியாக இருக்கிறது என்று அறிக்கை தருகிற நிர்வாகத்துக்கு அதில் எவ்வளவு ஆர்வம் இருக்கும்?

கடையை ஆயுதமாக்குவது உலகத்துக்குப் புதிதல்ல. 1933 ஏப்ரல் 1 அன்று ஜெர்மனியில் நாஜிப் படையினர் யூதர்களின் கடை வாசல்களில் நின்று வாங்க வந்தவர்களைத் தடுத்தார்கள். அதே வெறுப்பின் தொடர்ச்சியாக 1959 கிறிஸ்துமஸ் சமயத்தில் கொலோன் நகர யூத வழிபாட்டுத் தலத்தின் சுவரில் ஸ்வஸ்திகா கிறுக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து பல நாடுகளில் அதேபோல் நடந்தது. அந்த அதிர்ச்சியில் தொடங்கிய ஐ.நா. முயற்சிதான் 1965-ம் ஆண்டின் இனப் பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கையாக முடிந்தது. யூத வெறுப்பைப் பெயர் சொல்லிக் கண்டிக்கும் பிரிவு வேண்டும் என்று அமெரிக்கா கேட்டது, சோவியத் தரப்பு மறுத்தது. கடைசியில் அந்தப் பெயரே இடம்பெறவில்லை. பாகுபாட்டின் அடிப்படைகளில் வம்சாவளியையும் சேர்த்தது இந்தியா கொண்டுவந்த திருத்தம். சாதியும் அதில் அடங்கும் என்று ஐ.நா. குழு 1996-லிருந்து சொல்லி வருகிறது; இந்திய அரசு ஏற்கவில்லை. தானே கொண்டுவந்த திருத்தத்துக்குத் தன் ஊர்ப் பிள்ளைகளை வெளியே நிறுத்தி விளக்கம் தருவது நியாயமாகப் படவில்லை.

யூத வெறுப்புக்கான 2016-ம் ஆண்டு வரையறையைப் பல அரசுகள் ஏற்றிருக்கின்றன. அதை வெளியிட்ட சர்வதேச யூதப் படுகொலை நினைவுக் கூட்டணி, சட்டப்படி கட்டுப்படுத்தாத வரையறை என்றே அதை அறிவித்தது. அந்த வரையறை இஸ்ரேல் மீதான விமர்சனத்தையும் முடக்கப் பயன்படுகிறது என்ற சண்டை ஓயவில்லை. கூட்டணியில் இந்தியா உறுப்பினர் அல்ல. வரையறையில் சிக்கி நிற்கும் அந்த முயற்சிகளோடு ஒப்பிட்டால், எழுதிய கெடுவும் தண்டனையும் உள்ள 10-வது பிரிவு உறுதியானது.

சாதி கடையோடு நிற்பதில்லை, பள்ளிக்கூடத்திலும் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவரும் தங்கையும் வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் கைக்கயிறுக்குத் தடை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குவது உள்ளிட்டவை அதில் உண்டு. கயிற்றை அறுப்பது எளிது; வீட்டில் அதைக் கட்டி அனுப்புகிறவரிடம் பேசுவதுதான் மிச்சமிருக்கும் வேலை.

கடையில் தர மறுப்பது குற்றமா? சாதிக்காகப் பொருளாதாரப் புறக்கணிப்பு செய்வதும், செய்வதாக மிரட்டுவதும் 2016 முதல் இந்தச் சட்டப்படி குற்றம்.

முன்ஜாமீன்? 18-வது பிரிவு தடுக்கிறது.

காவல் நிலையத்தில் கண்டுகொள்ளாவிட்டால்? 10-வது பிரிவு காவல்துறை அறிக்கையை மட்டும் சொல்லவில்லை, புகாரையும் சொல்கிறது. எந்த ஊரில் இருப்பவரானாலும், ஊர்க் கட்டுப்பாடு என்ற பேச்சு காதில் விழுந்த அன்றே தேதி, இடம், சொன்னவர், கேட்டவர் விவரத்தை எழுதி வையுங்கள். வன்கொடுமைக்கு எதிரான தேசியக் கட்டணமில்லா உதவி எண் 14566.