கிளாக்கோமா உள்ளவர்கள் இம்மாத்திரையை உட்கொள்ளலாமா?

வயிற்றுப் பிடிப்புக்கோ, சிறுநீரை அடக்க இயலாமைக்கோ தரப்பட்ட மாத்திரையின் விவரத்தாளைக் கையில் ஏந்தியபடி எமது கண் பிரிவுக்கு வருவோர் உண்டு. “கிளாக்கோமா இருந்தால் ஆகாது என்று போட்டிருக்கிறதே டாக்டர், நிறுத்திவிடட்டுமா?” என்பதே அவர்களது கேள்வி. எவ்வகைக் கிளாக்கோமா என்பதை அறியாமல் இதற்கு விடை கூற இயலாது.

கண்ணின் உட்புறம் ஒரு தெளிந்த நீர் இடையறாது சுரக்கிறது. கண்ணீர் வேறு, இது வேறு. அந்நீர் பாவை வழியே முன்னறைக்கு வந்து, ஐரிஸ் என்னும் நிறத்திரையும் கருவிழியும் சந்திக்கும் கோணத்தில் வடிகிறது. சுரப்பும் வடிதலும் ஒத்திருந்தால் கண்ணழுத்தம் பெரும்பாலோர்க்கு 10 முதல் 21 மி.மீ. பாதரச அளவில் நிற்கும்.

அசிட்டைல்கோலின் என்னும் நரம்புவழிச் செய்திப்பொருளைத் தடுப்பவை ஆன்டிகோலினெர்ஜிக் மருந்துகள். குடலையோ சிறுநீர்ப்பையையோ தளர்த்தத் தரப்படும் இவை, பாவையைச் சுருக்கும் தசையையும் தளர்த்தக்கூடும். கோணம் இயல்பிலேயே குறுகிய கண்ணில், பாவை பாதியளவு விரிந்த நிலையில் ஐரிஸ் பின்னுள்ள லென்ஸோடு ஒட்டி நீரின் வழியை அடைத்துவிடலாம். தேங்கிய நீர் ஐரிஸை முன்னே தள்ள, கோணம் மூடிக்கொள்ளும். அழுத்தம் சில மணி நேரத்தில் 40, 50 என ஏறிவிடும்.

திறந்த கோணக் கிளாக்கோமா உடையோர்க்கு இவ்வாறு நேர்வது அரிது. லேசரால் ஐரிஸில் துளையிட்டுக்கொண்டோர்க்கும், கண்புரை அறுவையில் லென்ஸ் மாற்றிக்கொண்டோர்க்கும் அபாயம் வெகுவாகக் குறைவு. உண்மையில் எமக்குக் கவலை தருபவர்கள், தம் கோணம் குறுகியது என்பதையே அறியாதவர்கள். விவரத்தாளின் எச்சரிக்கை தமக்கன்று என்று அவர்கள் கடந்துவிடுவர். நாற்பதைக் கடந்தோர், தூரப்பார்வைக்காக இளவயது முதலே பிளஸ் கண்ணாடி அணிவோர், குடும்பத்தில் இந்நோய் உள்ளோர் ஒருமுறை கோனியோஸ்கோப்பி செய்துகொள்வது நன்று. மரத்துப்போகச் சொட்டுமருந்து இட்டுச் சில நிமிடங்களில் முடியும் பரிசோதனை அது. “என் கோணம் திறந்ததா, குறுகியதா?” என்று கேட்டு, விடையை மருத்துவக் குறிப்பேட்டில் எழுதி வாங்குங்கள்.

டைசைக்ளோமின், ஆக்ஸிபியூட்டினின், கைநடுக்கத்துக்கான டிரைஹெக்ஸிஃபெனிடில் ஆகியவை இவ்வகையின. அமிட்ரிப்டிலினுக்கும், சளி மாத்திரைகளில் கலந்துள்ள குளோர்ஃபெனிரமினுக்கும் இதே குணம் உண்டு. நெபுலைசரில் இடும் ஐப்ராட்ரோப்பியத்தைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. தளர்ந்த முகமூடியின் இடுக்கு வழியே அதன் ஆவி நேராகக் கண்ணில் படும். வாயில் கவ்வும் குழாயைப் பயன்படுத்த இயலுமா என மருத்துவரைக் கேளுங்கள். எம்மருந்தையும் நீங்களாகவே நிறுத்த வேண்டாம்.

மருந்து தொடங்கிய பின் கடுங்கண்வலி, சிவப்பு, மங்கல், விளக்கைச் சுற்றி வண்ண வளையம், தலைவலியுடன் வாந்தி ஆகியவை தோன்றினால் இரவாயினும் அவசரப் பிரிவுக்கு வாருங்கள். வாந்தியை மட்டும் கூறினால் வயிற்றுக் கோளாறு எனக் கருதி, அதற்கும் டைசைக்ளோமினே தரப்படலாம். எனவே உடன் வருவோர் கண்வலியை முதலில் சொல்லி, உட்கொண்ட மருந்துகளின் அட்டைகளையும் காட்டுங்கள்.