லோணாவளாவில் ஒரு வழிப்போக்கன்

மும்பையிலும் புணேயிலும் வசிக்கும் நேயர்கள் பலர் மழைக்காலத்தில் லோணாவளாவுக்குச் சென்று அருவிகளைக் கண்டு களித்திருப்பர். மழை ஓய்ந்து, புல் பழுப்பேறிய கார்த்திகையில் அங்கே பறவை பார்க்கப் போகிறவர் சிலரே. சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் இருவரும் நானும் வானம்பாடிகளை நாடி அம்மேட்டு நிலத்தில் நாள் முழுதும் நடந்தோம். ஒன்றிரண்டே தென்பட்டன. திரும்பும் வேளையில் மின்கம்பியின்மேல் சாம்பல் நிறப் பறவையொன்று அமர்ந்திருந்தது. புறா என்றே எண்ணினோம். அது எழுந்து, தும்பியொன்றைக் காலால் பற்றிப் பறந்தபடியே தின்றபோதுதான் எங்கள் பிழை விளங்கிற்று. செங்கல் நிறத் தொடை, சிவந்த கால், சிறகின் அடியில் பளிச்சென்ற வெண்மை: அமுர் வல்லூற்றின் ஆண் அது!

இப்பறவை தென்கிழக்குச் சைபீரியாவிலும் வடகிழக்குச் சீனத்திலும் குஞ்சு பொரித்து, குளிருக்கு முன் தென்னாப்பிரிக்காவை நோக்கிப் புறப்படுகிறது. எடையோ ஏறத்தாழ 150 கிராம்தான். இடையில் அரபிக் கடல் கிடக்கிறது. வாத்தைப்போல நீரில் இறங்கி இளைப்பாற இதனால் இயலாது. ஆகவே முன்னதாகவே உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதற்காகவே அக்டோபர், நவம்பர் மாதங்களில் நாகாலாந்தின் தோயாங் நீர்த்தேக்கத்தருகே இலட்சக்கணக்கில் கூடி, ஈசலை வயிறார உண்கின்றன. பின்னர் வடகிழக்குக் காற்று கடலின்மேல் துணைநிற்கிறது. தும்பிகளும் அப்பருவத்தில் அக்கடலைக் கடப்பதால், இவை வழியில் அவற்றை உண்ணக்கூடும் என்று அறிஞர் சிலர் கருதுகின்றனர். கட்டுச்சோறும் கூடவே பறக்கிறது போலும்!

அந்தத் தோயாங் கரையில்தான் 2012-ஆம் ஆண்டில் மீன்வலைகளை உயரக் கட்டி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வல்லூறுகளைப் பிடித்து இறைச்சிக்கு விற்றனர். செய்தி பரவியதும் நாடெங்கும் வருத்தம் எழுந்தது. பாங்டி முதலிய ஊரார் கூடிப் பேசி வேட்டையை விலக்கினர். பருவந்தோறும் கைக்கு வந்த பணத்தை விட்டுக்கொடுப்பது எளிய காரியமன்று. ஆயினும் 2013-இல் அங்கே வலை கட்டப்படவில்லை. அவ்வாண்டு நவம்பரில் மூன்று பறவைகளுக்குச் சிறு செயற்கைக்கோள் கருவி பொருத்தி, நாகா, வோக்கா, பாங்டி என்று பெயரிட்டனர். நாகாவும் பாங்டியும் கடல் தாண்டி ஆப்பிரிக்காவின் தென்பகுதியைச் சேர்ந்ததை அக்கருவிகள் காட்டின.

நாங்கள் கண்ட பறவைக்குக் கருவி ஏதுமில்லை. அரை மணி நேரத்தில் பதினான்கு தும்பிகளை உண்டது, எண்ணிக்கொண்டே நின்றோம். பொழுது சாய்கையில் கம்பியை விட்டெழுந்து மேற்கே சென்றது.