கூதிரும் தணலும்

ஐப்பசி மாதம் பாதி கழிந்ததும் வன்னியில் இரண்டு பொருள்களைப் பற்றிய பேச்சு எழும். ஒன்று குளத்து நீர், மற்றையது விறகு. இரணைமடுவிலும் முத்தையன்கட்டிலும் வவுனிக்குளத்திலும் எத்தனை அடி நீர் ஏறியது என்று ஆடவர் கணக்குப் பார்ப்பர். மழை பிடித்துக்கொள்வதற்குள் எத்தனை கட்டு விறகு உள்ளே வந்து சேர்ந்தது என்று அடுப்படியின் பொறுப்பை ஏற்ற மாதர் கணக்குப் பார்ப்பர். முன்னைய கணக்கைச் செய்தித்தாள்கள் நாள்தோறும் வெளியிடுகின்றன. பின்னையதை எவரும் எழுதுவதில்லை. ஆயினும் அந்த இரண்டாவது கணக்குப் பிழைத்துப்போனால் மார்கழி முடியும் வரை அந்த வீட்டார் ஈர விறகோடும் புகையோடும் போராட வேண்டியதுதான்.

மேல்நாட்டார் தம் இலையுதிர் காலத்தைப்பற்றி எழுதும்போது நிலக்கரி அடுப்பை மூட்டும் முதல் மாலைப் பொழுதைத் தனிச் சுவையோடு வருணிப்பது வழக்கம். நமது நாட்டில் இலையுதிர் காலம் ஏது, அடுப்பால் வீட்டைச் சூடாக்கும் தேவைதான் ஏது என்று நம்மவர் எண்ணக்கூடும். ஆனால் ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்த பருவத்துக்குக் கூதிர் என்று பெயரிட்டவர் நம் முன்னோர். மழையோடு வாடையும் கலந்து வருத்தும் காலம் அது. பத்துப்பாட்டில் ஒன்றாகிய நெடுநல்வாடை, நக்கீரர் பாடிய 188 அடிகளைக் கொண்ட பாட்டு, இந்தக் கூதிரையே பின்புலமாகக் கொண்டது. பள்ளியில் அதனைப் படிப்பவர்கள் அரசியின் கட்டிலையும் பாசறையில் உலவும் வேந்தனையும் நினைவில் வைத்திருப்பார்கள். பாட்டின் தொடக்கத்தில் வரும் நெருப்பைப் பலர் மறந்துவிடுகின்றனர். வெள்ளத்துக்கு அஞ்சி மேட்டு நிலத்துக்கு மாட்டைச் சாய்த்துச் சென்ற கோவலர், கூடி நின்று தீக்காய்கின்றனர். நகரத்து வீடுகளில் விசிறி தொழிலற்றுத் தொங்குகிறது. சந்தனக் கல் சும்மா கிடக்கிறது. குளிர்ந்த நீரை உண்பார் இல்லை. வாயகன்ற சட்டியில் இட்ட செந்நெருப்பை எல்லோரும் அண்டியிருக்கின்றனர். அந்தச் சட்டிக்குத் தடவு என்பது பழம்பெயர். ஆகவே நெருப்புச் சட்டியால் வீட்டைச் சூடாக்கும் வழக்கம் தமிழனுக்குப் புதியதன்று.

அதே பாட்டில் இன்னொரு செய்தியும் உண்டு. குளிர் தாங்காமல் விலங்குகள் மேய்ச்சலை மறக்கின்றன. பறவைகள் கிளையிலிருந்து வீழ்கின்றன. பாலுண்ண வந்த கன்றைப் பசு உதைத்துத் தள்ளுகிறது. இதனைக் கவிஞரின் கற்பனை மிகை என்று நெடுங்காலம் கருதியிருந்தோர் உண்டு. 2022ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் வன்னியில் இருந்தவர்கள் இனி அவ்வாறு கருதமாட்டார்கள்.

அந்த மாதத்தின் முற்பகுதியில் வங்காள விரிகுடாவில் எழுந்த ‘மாண்டஸ்’ புயல், 9ஆம் திகதி இரவு தமிழ்நாட்டு மாமல்லபுரத்தின் அருகே கரை கடந்தது. புயலின் கண் நமது மண்ணைத் தொடவில்லை. ஆனால் அதன் இழுப்பினால் வடக்கேயிருந்து வந்த குளிர்காற்று, மழையோடு சேர்ந்து வன்னிப் பெருநிலத்தின் மேல் இரவு பகலாக வீசியது. அதே காற்று இந்தியப் பெருநாட்டின் புகையையும் சுமந்து வந்தமையால், இலங்கை எங்கணும் காற்று மாசடைந்து, 9ஆம் திகதி பாடசாலைகளும் மூடப்பட்டன. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் வயல்வெளிகளிலும் குளக்கரைகளிலும் மாடுகள் கூட்டங்கூட்டமாய் விழுந்து மடிந்தன. வடக்கு, கிழக்கு மாகாணங்களில் மடிந்த மாடுகளும் ஆடுகளும் ஆயிரத்துக்கு மேல். தொற்றுநோயோ என்று முதலில் அஞ்சினார்கள். கடுங்குளிரே காரணம் என்று பின்னர் கால்நடைத் துறையினர் அறிவித்தனர்.

இது எவ்வாறு நேர்ந்தது? வன்னியின் இராக்குளிர் வழக்கமாக 20 பாகை செல்சியஸ் அளவில் நின்றுவிடுவது. உறைபனி என்பது இங்கு இல்லை. ஆயினும் நனைந்த உடலின் மேல் ஓயாது காற்று வீசும்போது, உடற்சூட்டை நீர் ஆவியாகிக் கவர்ந்து செல்கிறது. மேய்ச்சல் தரை குறைந்து மெலிந்துபோன மாட்டுக்கு அந்தச் சூட்டை ஈடுசெய்யக் கொழுப்பும் இல்லை, தீனியும் இல்லை. கூரையற்ற பட்டியில் ஒதுங்க இடமும் இல்லை. குளிர்மானி காட்டும் எண் ஒன்று. உடல் உணரும் குளிர் வேறு. முதியோருக்கும் பச்சிளங் குழந்தைகளுக்கும் இந்த நியாயம் பொருந்தும். அந்த இரவுகளில் அடுப்பை அணையவிடாமல் காத்த வீடுகள், வன்னியின் பழைய வழக்கம் ஒன்றையே மீண்டும் கைக்கொண்டன.

அந்தப் பழைய வழக்கம் எத்தகையது என்பதைச் சிறிது நோக்குவோம். மண் சுவரும் ஓலைக் கூரையும் கொண்ட வன்னி வீட்டில் அடுப்படி சமையலுக்கு மட்டும் உரியதன்று. அடுப்புக்கு மேலே பரண். பரணில் அடுத்த நாளைக்குரிய விறகு காயும். வித்து நெல்லும் சோளப் பொத்தியும் புகை படிந்து வண்டு அணுகாமல் இருக்கும். வீரையும் பாலையும் போன்ற வைரம் பாய்ந்த விறகு, இரவு முழுதும் சாம்பலுக்கு அடியில் தணலாய்க் கிடந்து விடியற்காலையில் ஊதினால் மீண்டும் எழும். பற்றவைப்பதற்குக் காவோலையும் பன்னாடையும், நின்று எரிவதற்குப் பொச்சுமட்டையும், தணல் நிற்பதற்குச் சிரட்டையும் என ஒவ்வொன்றுக்கும் ஒரு தொழில் உண்டு. மாலையில் மாட்டுப்பட்டியின் காற்றுமுகத்தில் புகைமூட்டம் இடுவார்கள். பிள்ளை பெற்ற வீட்டில் தணற்சட்டி வைப்பார்கள். கார்த்திகையில் விளக்கீடும் கோயில் வாசலில் சொக்கப்பானையும் வந்து, அந்தப் பருவமே நெருப்பின் பருவம் என்று நினைவூட்டும்.

இவ்வழக்கத்துக்கு மலையகம் மற்றொரு பங்கை அளித்தது. 1958, 1977 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பின்னரும், எழுபதுகளின் உணவுப் பஞ்சத்தின்போதும் தேயிலைத் தோட்டங்களை விட்டு வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறிய மக்கள் பலர். கிளிநொச்சியின் பாரதிபுரம், மலையாளபுரம் முதலிய கிராமங்கள் அவர்களுடைய உழைப்பால் எழுந்தவை. நுவரெலியாக் குளிரில், பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட லயன் அறையில் அடுப்பைச் சுற்றிப் படுத்துறங்கி வாழ்ந்தவர்கள் அவர்கள். அதே தோட்டத்தில் துரையின் பங்களாவில் கணப்பும் புகைபோக்கியும் இருந்தன. லயனில் அடுப்பு இருந்தது, புகைபோக்கி இல்லை. குளிர் இருவருக்கும் பொது. புகை ஒருவருக்கு மட்டுமே உரியதாயிற்று.

புகைபோக்கியைப்பற்றிப் பேசும்போது இலண்டனை நினைக்காமல் இருக்க முடியாது. நிலக்கரி அடுப்பின் தலைநகரம் என்று சொல்லத்தக்க அந்த நகரில் ஒவ்வொரு வீடும் தன் புகையைத் தன் கூரைக்கு மேலே அனுப்பிவிட்டுத் தான் தப்பியதாக நினைத்தது. 1952ஆம் ஆண்டு டிசெம்பர் 5 முதல் 9 வரை காற்று அசையாமல் நின்றபோது, இலட்சக்கணக்கான வீடுகள் அனுப்பிய புகை முழுதும் தெருவுக்கே திரும்பி வந்தது. ஏறத்தாழ 4,000 பேர் இறந்தனர் என்று அன்று கணக்கிட்டனர். பிற்கால ஆய்வாளர் அத்தொகையை 12,000 வரை உயர்த்தினர். 1956இல் தூய காற்றுச் சட்டம் பிறந்தது. இங்கிலாந்தில் வீட்டு அடுப்புக்கான சாதாரண நிலக்கரி விற்பனை 2023 மே மாதத்தோடு நிறுத்தப்பட்டது. வன்னியிலிருந்து சென்று இலண்டனில் வாழும் நம்மவர் வீடுகளில் பழைய கணப்பு மாடம் இன்றும் இருக்கலாம். அதில் பெரும்பாலும் படமோ பூச்சாடியோதான் வீற்றிருக்கும்.

நமது நாட்டிலோ கதை எதிர்த்திசையில் திரும்பியது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையின் கீழ் மண்ணெண்ணெய் அருமையானபோது, வன்னி மக்கள் ஜாம் போத்தலில் சிறு திரியிட்டு விளக்கு எரித்தனர். தீப்பெட்டியை மிச்சம் பிடிக்க அயல்வீட்டு அடுப்பிலிருந்து தணல் வாங்கி வந்தனர். 2022இல் பொருளாதாரம் சரிந்து எரிவாயு கிடைக்காமற் போனபோது, கொழும்பு நகரத்தாரும் விறகடுப்பைத் தேடினர். வன்னி அதனை வியப்போடு நோக்கவில்லை. அது தன் அடுப்பை ஒருபோதும் முற்றாக அணைத்ததில்லை.

இங்கேதான் எச்சரிக்கையாகச் சொல்லவேண்டிய ஒன்று உண்டு. அடுப்பு பழையதாய் இருக்க, வீடு புதியதாகிவிட்டது. போர் முடிந்தபின் எழுந்த வீடுகள், இந்திய வீடமைப்புத் திட்டத்தால் வடக்கிலும் கிழக்கிலும் அமைந்த 46,000 வீடுகள் உட்பட, சீமெந்துச் சுவரும் கதவும் யன்னலும் கொண்டவை. தறப்பாளின் கீழ் வாடிய மக்களுக்கு அவை பெரும் பேறு என்பதில் ஐயமில்லை. ஆனால் ஓலை வீடு இரவில் மூச்சு விட்டது. கூரையின் இடுக்கெல்லாம் புகைக்கு வழியாயிருந்தது. சீமெந்து வீட்டின் யன்னலை வாடைக்கு அஞ்சி அடைத்துவிட்டு, உள்ளே தணற்சட்டியை வைத்து உறங்கினால், அந்த அறை மூச்சு விடுவதில்லை.

விறகுப் புகை கண்ணைக் கரிக்கும்; இருமலை எழுப்பும்; நம்மை வெளியே துரத்தும். அதனால் அதற்கு ஒருவகை நேர்மை உண்டு. கரித்தணலுக்கு அந்த நேர்மை இல்லை. அது புகையாது, மணக்காது, செக்கச் சிவந்து அழகாய்க் கிடக்கும். போதிய காற்றின்றி எரியும் கரியிலிருந்து காபன் ஓரொட்சைட்டு என்னும் வாயு பிறக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குருதியிலுள்ள செந்நிறப் பொருளோடு அது ஒட்சிசனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றுவது. முதலில் தலைவலி, பின் குமட்டல், பின் மயக்கம். உறங்குபவனுக்கு இவை தெரிவதில்லை, உறக்கம் மரணமாகிவிடுகிறது. குளிர்நாடுகளில் ஆண்டுதோறும் இவ்வாறு குடும்பங்கள் மடிகின்றன. புகையற்றது தீங்கற்றது என்னும் எண்ணமே இங்கு கொலைகாரன்.

புகையும் நிரபராதி அன்று. விறகு, கரி, சாணம் முதலியவற்றை வீட்டினுள் எரிப்பதால் எழும் மாசினால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் 32 இலட்சம் பேர் இறந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவர்களுள் பெருந்தொகையினர் அடுப்பின் முன் குந்தியிருந்த பெண்களும், அவர்கள் இடுப்பில் இருந்த குழந்தைகளும் ஆவர். நம் தாய்மாரின் சிவந்த கண்களைப் பாசத்தின் அடையாளமாகப் பாடிவிட்டு, அந்தக் கண்கள் சிவந்த காரணத்தை மறந்துவிடுவது நன்றியாகாது.

செய்யவேண்டியவை பெரியன அல்ல. குளிர்காயும் தணலை முற்றத்திலோ விறாந்தையிலோ வைத்து முழுதும் சிவக்கவிட்டு, வீட்டார் விழித்திருக்கும் நேரத்தில், யன்னல் திறந்திருக்கும்போது மட்டும் உள்ளே கொணர்தல் வேண்டும். படுக்கைக்குப் போகுமுன் அதனை வெளியேற்றிவிட வேண்டும். தணலோடு உறங்குவதினும் இரட்டைப் போர்வையோடு உறங்குதல் மேல். புதிதாய் அடுப்படி கட்டுவோர் ஒரு புகைபோக்கிக்குச் செலவு செய்யத் தயங்கலாகாது. அனகி என்னும் இருவாய்க் களிமண் அடுப்பு எண்பதுகளிலிருந்து இந்நாட்டில் செய்யப்பட்டு வருவது. விறகையும் புகையையும் ஒருங்கே குறைப்பது. பட்டிக்கு நான்கு தூணும் ஒரு கூரையும், வாடை வரும் பக்கத்தில் ஓலைத் தட்டியும் அமைத்தால், அடுத்த புயலில் சில உயிர்களாவது தப்பும். ஆசிரியர்கள் நெடுநல்வாடையைக் கற்பிக்கும் வேளையில் இந்த வாயுவைப்பற்றியும் ஐந்து நிமிடம் பேசினால், இலக்கிய வகுப்பு அதனால் குறைபடாது.

குளிருக்கு அஞ்சிய மனிதர் ஓரிடத்தில் கூடினர், கூடியவர் பேசினர், பேசியவர் கதை சொன்னார்கள். அடுப்பு நமக்குச் சோற்றை மட்டும் தரவில்லை. போரில் வீடிழந்து திரும்பிய குடும்பங்கள் தம் காணியில் முதற்கண் செய்த வேலை மூன்று கல்லை நாட்டி அடுப்பு மூட்டியதேயாகும். கூரை பின்னர் வந்தது. அத்தகைய நெருப்பை நாம் கைவிட வேண்டியதில்லை. அதன் குணத்தை அறிந்து பழக வேண்டும். இவ்வாண்டும் கூதிர் வரும். பரணில் விறகு ஏறும். தணலை மூட்டும் கை, யன்னலையும் ஒருமுறை திறந்துவிடட்டும்.