பிசுக்கு

‘சாதிப் பிசுக்கு’ என்ற சொல்லை நம் மேடைகளில் நாம் தாராளமாகப் புழங்குகிறோம். முற்போக்கு பேசும் ஒருவர் பெண் கொடுக்கும் நேரத்தில் சாதி பார்த்தால், ‘இன்னும் பிசுக்கு போகவில்லை’ என்கிறோம். தோழர்களே, அந்தச் சொல்லைக் கொஞ்சம் தேய்த்துப் பார்ப்போம்.

‘பிசு’ என்பது ஒட்டும் தன்மையைக் குறிக்கும் அடி. கருவேல மரத்தில் வடியும் பிசின், விரலில் ஒட்டும் பிசுபிசுப்பு, வாணலியில் படியும் பிசுக்கு எல்லாம் ஒரே குடும்பம். ‘போராட்டம் பிசுபிசுத்தது’ என்று நாளிதழ்கள் எழுதுவதும் இந்தச் சொல்லைத்தான். (நம் போராட்டங்களுக்கே அதை அதிகம் செலவழிக்கிறார்கள்.) புழுதி தண்ணீரில் போய்விடும்; பிசுக்கு போகாது, எண்ணெய் தண்ணீரில் கரையாது. அதனால்தான் தலைக்குச் சீயக்காயும் அரப்பும், பாத்திரத்துக்குச் சாம்பலும் புளியும். அடுத்தவர் வீட்டுச் சட்டியைத் தேய்த்த நம் அம்மாக்களுக்கு இந்த வேறுபாடு அகராதி இல்லாமலே தெரியும்.

அந்தச் சட்டியைக் கழுவிய எண்ணெய் சாக்கடைக் குழாயில் ஆறி உறைகிறது. சோப்புக் கழிவோடு சேர்ந்து கெட்டித்து அடைக்கிறது. தேங்கியது அழுகி, ஆளைக் கொல்லும் ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகிறது. பாதுகாப்புக் கருவியின்றி ஆளை உள்ளே இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. சாவுக்கு இழப்பீடு 10 லட்சம் ரூபாய் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை ஏறியது, இறங்குகிறவர்கள் பெரும்பாலும் இன்னும் நம் ஆட்களே. எண்ணெயைக் கொட்டிய வீட்டை யாரும் பிசுக்கு வீடு என்பதில்லை. வழித்து எடுத்தவரின் உடம்புக்கு அந்தப் பெயர் ஒட்டிவிடுகிறது.

நம் உருவகத்தின் சிக்கலும் இங்கேதான். பிசுக்கு என்றால் சட்டி நல்லது, மேலே படிந்ததுதான் கெட்டது என்றாகிவிடுகிறது. சாதியின் வேர் சாத்திரங்களின் புனிதத்தில் இருக்கிறது, அந்தப் புனிதத்தையே தகர்க்க வேண்டும் என்று 1936இல் அம்பேத்கர் எழுதினார். லாகூரின் ஜாத் பாத் தோடக் மண்டல் என்ற சீர்திருத்தச் சங்கத்தில் ஆற்றுவதற்காகத் தயாரித்த உரை அது. சாதியை ஒழிக்கப் புறப்பட்டவர்கள்தாம். ஆனாலும் சில பகுதிகளை நீக்கச் சொன்னார்கள். அவர் ஒரு காற்புள்ளியைக் கூட மாற்ற மறுத்தார். கூட்டம் ரத்தானது. உரையைத் தன் சொந்தச் செலவில் அச்சிட்டார்.