போலி என்கிற சொல்லும் மண் போடும் வேடங்களும்

நன்னூலில் 'போலி' இழிவான விசயம் கிடையாது. பந்தல் பந்தர் ஆகிறது, நிலம் நிலன் ஆகிறது. ஓர் எழுத்தின் இடத்தில் இன்னொன்று வந்து உட்காருகிறது, பொருள் கெடுவதில்லை. இரண்டுமே சரியான சொற்கள். புழக்கத்தில் வந்தபோது அதுவே வசையாகிவிட்டது: போலி மருந்து, போலி டாக்டர், போலிச் சாமியார்.

மண்ணைப் பிசைந்து சுட்டு, அதைத் தோலாக, மரமாக, வெண்கலமாக, விதையாகத் தோன்றச் செய்கிற பீங்கான் கலையைப் பற்றிப் பேசும்போது இந்த இரண்டில் எந்தப் போலியைக் கையில் எடுக்கிறோம்? மேற்கத்திய விமர்சனம் நெடுங்காலம் வசையைத்தான் எடுத்தது. ஜான் ரஸ்கின் 1849இல் வெளியிட்ட 'கட்டிடக்கலையின் ஏழு விளக்குகள்' நூலில், ஒரு பரப்பின்மேல் வண்ணம் பூசி வேறு பொருளாகக் காட்டுவதை ஏமாற்று என்றே வகைப்படுத்தினார். பொருளுக்கு உண்மையாக இரு என்கிற இந்த அறம் நவீனத்துவத்துக்குள்ளும் தொடர்ந்தது. மண்ணு மண்ணாத் தெரியணும். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் பொருள்களுக்குள்ளும் மேல் கீழ் உண்டு. யார் யாரைப் போலச் செய்கிறார்கள் என்று கேட்காமல் இந்த அறத்தைப் பேச முடியாது.

மைக்கேல் விக்கர்ஸ், டேவிட் கில் என்கிற இருவர் 1994இல் ஒரு நூல் எழுதினார்கள். ஏதென்சின் கறுப்பு சிவப்பு மண்கலங்கள் பணக்காரர் வீட்டு வெள்ளி, பொன் பாத்திரங்களின் சாயலில் செய்யப்பட்டவை என்பது அவர்கள் வாதம். வெள்ளியையும் பொன்னையும் பின்னால் வந்தவர்கள் உருக்கிவிட்டார்கள், மண் மிஞ்சியது. வெள்ளியைக் கிரேக்கர்கள் அப்படிக் கறுக்க விட்டிருப்பார்களா என்று மறுத்தவர்கள் உண்டு. எனக்கும் முழுச் சம்மதமில்லை. ஆனால் யூஃப்ரோனியோஸ் தீட்டிய ஒரு மண்கலத்துக்கு நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 1972இல் பத்து லட்சம் டாலர் கொடுத்தது. கல்லறைக் கொள்ளையில் வந்த சரக்கு என்பதால் 2008இல் அது இத்தாலிக்கே திரும்பிப் போனது. மண்ணின் சாதியை மாற்றியது சந்தை.

சீனத்தில் கதை தலைகீழ். பதினெட்டாம் நூற்றாண்டில், சியன்லோங் பேரரசர் காலத்தில், ஜிங்தெசென் அரசுச் சூளைகளை மேற்பார்த்தவர் தாங் யிங். அந்தச் சூளைகளிலிருந்து மரம்போல, வெண்கலம்போல, அரக்குப் பூச்சுப்போலத் தோன்றும் பீங்கான் வந்தது. நண்டும் கொட்டைகளும் பழங்களும் நிரம்பிய தட்டு, தட்டிலிருந்து நண்டுவரை எல்லாமே பீங்கான். அரண்மனைக்கு மரத்துக்கோ நண்டுக்கோ பஞ்சமா என்ன? இங்கே உயர்ந்தது தாழ்ந்ததாக வேடம் போடுகிறது. 'எங்கள் சூளையால் ஆகாதது எதுவுமில்லை' என்று அதிகாரம் தன்னைத்தானே ரசித்துக்கொள்கிற விளையாட்டு.

மர்லின் லெவின் (1935-2005) இந்த இரண்டுக்கும் வெளியே நிற்கிறார். கனடாக்காரர், வேதியியல் படித்தவர். களிமண்ணோடு நைலான் இழைகளைக் கலந்தார். இழை இருப்பதால் மண்தகட்டைத் தோல்போல மெல்லிசாக மடிக்கலாம், தொங்கவிடலாம், கிழியாது. சூளையில் இழை எரிந்து போய்விடும். மண் காயும்போதும் வேகும்போதும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கும். சுருங்கிய பிறகு என்ன அளவு வரும்னு முன்னாடியே கணக்குப் போட்டுத்தான் செய்யணும். இப்படி அவர் செய்தது புதுத் தோல்பொருள்களை அல்ல. தேய்ந்த பூட்ஸ், தொய்ந்த பை, முழங்கை மடிப்பு விழுந்த சட்டை. ஆள் இல்லை, ஆள் உழைத்த தடம் இருக்கிறது. மண்ணை மண்ணாகவே கிழித்தும் குத்தியும் கொந்தளிக்க வைத்த பீட்டர் வூல்கஸோடு ஓக்லாந்தில் பட்டறையைப் பகிர்ந்துகொண்டவர் இவர். எவருடைய மண் அதிக உண்மை என்று கேட்டால் ரஸ்கினின் விளக்கு மங்கிப்போகிறது.

எல்லாவற்றையும்விட என்னைத் தொந்தரவு செய்வது அய் வெய்வெய்யின் 'சூரியகாந்தி விதைகள்'. 2010 அக்டோபரில் லண்டன் டேட் மாடர்னில் பத்துக் கோடி பீங்கான் விதைகள் தரையில் கொட்டப்பட்டன. பார்த்தா நிஜ விதைதான். அதே ஜிங்தெசெனில் சுமார் 1600 பேர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் செய்தவை. ஒவ்வொரு விதையையும் தனித்தனியாகக் கையில் எடுத்து, தூரிகையால் சில கோடுகள் போட்டிருக்கிறார்கள். கலாச்சாரப் புரட்சிக்காலச் சுவரொட்டிகளில் மாவோ சூரியன், மக்கள் அவர் பக்கம் திரும்பிய சூரியகாந்திகள். பஞ்சக் காலத்தில் பகிர்ந்து தின்றதும் அந்த விதையைத்தான். இந்த வாசிப்பு எல்லோரும் செய்வது, சரியானதும்கூட. உழைத்தவர்களைக் காட்டும் படமும் அங்கேயே ஓடியது. ஆனாலும் போலச்செய்தல் இங்கே எவ்வளவு கச்சிதமாகிறதோ அவ்வளவுக்குக் கை மறைகிறது. படம் பார்க்காதவனுக்கு அது வெறும் விதைக் குவியல்.

பார்வையாளர்கள் அதன்மேல் நடக்கலாம், அள்ளலாம் என்பதுதான் ஏற்பாடு. திறந்த சில நாட்களிலேயே அதை நிறுத்திவிட்டார்கள். மிதிபட்டுக் கிளம்பிய பீங்கான் புழுதியை மூச்சில் இழுப்பது உடம்புக்குக் கெடுதல் என்றார்கள். நியாயம்தான். நுரையீரலை அரிக்கிற இந்த மண்தூசு நோய் பீங்கான் தொழிலாளர்களுக்குப் பழையது. லண்டன் கூடத்தில் கயிறு கட்டிவிட்டார்கள். 2011 பிப்ரவரியில் இதேபோன்ற விதைகள் நூறு கிலோ, லண்டன் ஏலத்தில் சுமார் மூன்றரை லட்சம் பவுண்டுக்குப் போனது.