எதிர்க்கட்சி வரிசையில் பத்தாம் வகுப்பு

பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில் இந்தியாவின் வெளியுறவுக் கொள்கை ஒரு பாடம். அதற்கு அடுத்த பாடம் சர்வதேச உறவுகள். பஞ்சசீலத்தின் ஐந்து கொள்கைகளையும் பிள்ளைகள் வரிசை பிசகாமல் ஒப்பித்து முழு மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். ஆனால் நம் அரசு அண்டை நாட்டோடு ஓர் ஒப்பந்தம் போட்டுவிட்டு வந்தால் அதை யார் கேள்வி கேட்பது, எங்கே கேட்பது, அமைச்சர் பதில் சொல்லியே ஆக வேண்டுமா என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பில் ஒரு கை உயராது.

எனக்குச் சொந்த ஊர் புதுக்கோட்டை மாவட்டத்துக் கொடும்பாளூர். விராலிமலை வட்டாரத்தில் ஆசிரியை. இந்த இரண்டு பாடங்களையும் நான் இப்போது வகுப்பறையை நாடாளுமன்றமாக்கித்தான் நடத்துகிறேன்.

இந்த முறை புதிதல்ல. 1962இல் பம்பாயில் கூடிய நான்காவது அகில இந்தியக் கொறடாக்கள் மாநாடு, கல்வி நிலையங்களில் மாதிரி நாடாளுமன்றம் நடத்தலாம் என்று பரிந்துரைத்தது. நாடாளுமன்ற விவகார அமைச்சகம் 1966-67இல் டெல்லிப் பள்ளிகளில் அதைப் போட்டியாகவே தொடங்கியது. 1988இல் கேந்திரிய வித்யாலயாக்களுக்கும் அது வந்தது. ஐம்பது, ஐம்பத்தைந்து மாணவர்கள், ஐம்பத்தைந்து நிமிடம். பதவியேற்பு, இரங்கல் குறிப்பு, கேள்வி நேரம், கவன ஈர்ப்பு, மசோதா என்று உண்மையான அவையின் நடைமுறை அத்தனையும் அதில் உண்டு. என் பாடவேளை அதைவிடச் சிறியது. அதனால் சிலவற்றை விட்டுவிடுவேன்; கேள்வி நேரத்தை மட்டும் விடவே மாட்டேன்.

மக்களவையில் காலை 11 மணிக்கு முதல் வேலை கேள்வி நேரம்தான். நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். நாளொன்றுக்கு அப்படி இருபது கேள்விகள் பட்டியலில் வரும். கேள்வியை 15 நாள் முன்பே கொடுத்துவிடுவதால் அமைச்சர் தயாராகத்தான் வருவார். அந்தப் பதிலைக் கேட்டதும் உறுப்பினர் எழுந்து கேட்கும் துணைக் கேள்விதான் அவருக்குச் சோதனை. வெள்ளையர் ஆட்சியில், மத்திய சட்டசபையில், துணைக் கேள்விகளாலேயே அரசுத் தரப்பைத் திணறடித்துப் பெயர் வாங்கியவர் தீரர் சத்தியமூர்த்தி. எங்கள் மாவட்டத்துத் திருமயத்தில் 1887இல் பிறந்தவர். இதைச் சொன்னதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

விவாதத்துக்கு நான் எடுத்துக்கொள்வது கச்சத்தீவு. 285 ஏக்கர் நிலம். புதுக்கோட்டை மாவட்டத்துக்குக் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் என்று கடற்கரை இருக்கிறது. அங்கிருந்து கடலுக்குப் போன மீனவர்களை இலங்கை கைது செய்தது என்ற செய்தி அடிக்கடி வருகிறது. எங்கள் வட்டாரத்தில் மழை பெய்தால்தான் தண்ணீர். கடலையே பார்க்காத பிள்ளைகள் பலர். ஆனாலும் ஈழம் எங்கள் ஊருக்குத் தொலைவான நாடல்ல. சுந்தர சோழர் காலத்தில் ஈழத்துக்குப் படையோடு போன கொடும்பாளூர்ச் சிறிய வேளார் அங்கேயே போரில் மாண்டார் என்று கல்வெட்டு சொல்கிறது. அந்த வேளிர் குலத்தின் பூதி விக்கிரமகேசரி எழுப்பிய மூவர் கோயிலில் இன்று இரண்டு கோயில்கள் நிற்கின்றன. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டுமே மிச்சம். விவாதத்துக்கான தயாரிப்புக் கூட்டத்தை ஒருமுறை அங்கேதான் வைத்தேன். ஆயிரம் ஆண்டுக்கு முன்பு படை அனுப்பித் தீர்த்த வழக்கை இன்று மேசைக்கு இருபுறமும் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது என்பதை அந்த இடத்தில் விளக்கவே தேவைப்படவில்லை.

நாங்கள் நடத்துவது 1974 ஜூலை 23ஆம் தேதி மக்களவையை. அதற்கு முந்தைய மாதம்தான் இரு நாட்டுப் பிரதமர்கள் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கச்சத்தீவை இலங்கைப் பக்கம் விட்ட எல்லை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தார்கள். வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் அன்று அவையில் அறிக்கை வைத்தார். தி.மு.க.வின் இரா. செழியன், இராமநாதபுரம் உறுப்பினர் பி.கே. மூக்கையாத் தேவர், வாஜ்பாய் முதலானோர் கடுமையாக எதிர்த்தார்கள். அந்தப் பெயர்களைத் தாங்கி எங்கள் பிள்ளைகள் பெஞ்சுகளில் உட்காருவார்கள். நன்றாகப் பேசுகிறவர்களுக்கே எல்லா வேடமும் போய்விடக் கூடாது. வாயே திறக்காத பிள்ளைகளை அமைச்சருக்குப் பின்னால் அதிகாரிகள் வரிசையில் உட்கார வைப்பேன். அவையில் அமைச்சர் தடுமாறும்போது அதிகாரிகள் சீட்டு எழுதிக் கொடுத்தனுப்புவது உண்மையிலேயே நடப்பதுதான்.

போன ஆண்டு ஸ்வரண் சிங்காக நின்றவள் ஒரு மாணவி. எதிர்வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்தாள். “மாண்புமிகு அவைத் தலைவர் அவர்களே, ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு நம் மீனவர்களும் பக்தர்களும் முன்புபோலவே கச்சத்தீவுக்குப் போய்வரலாம் என்கிறது. அங்கே மீன் பிடிக்கலாமா, வலை உலர்த்த மட்டும்தானா? அமைச்சர் சொல்வாரா?” அமைச்சர் விழித்தாள். பின்னாலிருந்து ஒரு சீட்டு வந்தது. ஆண்டு முழுவதும் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்டிராத பையன் எழுதியது: “ஆறாம் பிரிவையும் பார்க்கவும்.” இரு நாட்டுப் படகுகளும் ஒன்று மற்றதன் கடலில் வழக்கமாக அனுபவித்த உரிமை தொடரும் என்கிற பிரிவு அது. அவள் அதை வாசித்ததும் எதிர்த்தரப்பு எழுந்தது. “1976 மார்ச் கடிதத்தில் மீன்பிடிக்கக் கூடாது என்று எழுதிவிட்டீர்களே!” அவைத் தலைவராக இருந்த மாணவன் மேசையைத் தட்டினான். “1976 இன்னும் வரவில்லை. உறுப்பினர் உட்காரவும்.”

அடுத்த கேள்விக்காக நான் ஒவ்வொரு முறையும் காத்திருப்பேன். நாட்டின் நிலத்தை விட்டுக்கொடுக்க அரசமைப்புச் சட்டத்தையே திருத்த வேண்டும் என்று 1960இல் பெருபாரி என்ற எல்லைப் பகுதி விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வங்கதேசத்தோடு அதே 1974இல் போட்ட நில எல்லை ஒப்பந்தம் 2015இல் நூறாவது திருத்தம் வந்த பிறகுதான் முழுதாக நடைமுறைக்கு வந்தது. கச்சத்தீவுக்கு மட்டும் ஏன் திருத்தமில்லை? அது யாருடையது என்று முடிவாகாத இடம், எல்லைதான் வரையப்பட்டது, எதையும் விட்டுக்கொடுக்கவில்லை என்பது அரசுத் தரப்பின் வாதம். இராமநாதபுரம் சேதுபதி சமஸ்தானத்து ஆவணங்களைக் காட்டி மறுப்பது எதிர்த்தரப்பு. ஒப்பந்தம் போட இந்திய அரசு பொதுவாக நாடாளுமன்ற ஒப்புதலைக் கேட்க வேண்டியதில்லை என்பது இந்த இடத்தில்தான் பிள்ளைகளுக்கு உறைக்கும். கையெழுத்தைத் தடுக்க முடியாத அவைக்குக் கேள்வி கேட்கும் உரிமை எவ்வளவு பெரிது என்பதும் உடனே பிடிபட்டுவிடும்.

மறுவாரம் அதே பெஞ்சுகள் இலங்கை நாடாளுமன்றமாகும். என் பார்வையில் பாடமே இதுதான். முதல் அவையோடு நிறுத்தினால் அது தேசபக்திப் பேச்சுப்போட்டியாக முடிந்துவிடும். சித்தப்பா ஜெகதாப்பட்டினத்தில் விசைப்படகு வேலைக்குப் போகிற ஒரு பையனுக்கு யாழ்ப்பாண உறுப்பினர் வேடம் விழுந்தது.

“நம்ம ஆளுங்களுக்கு எதிரா நான் எப்படி டீச்சர் பேசுறது?”

“எதிரா வேண்டாம்ப்பா. நெடுந்தீவுல வலை அறுந்து நிக்கிறவர் என்ன கேப்பாரோ, அதை மட்டும் கேளு.”

அவன் படித்துவிட்டு வந்தான். போர்க்காலத்தில் வடக்கு மீனவர்களுக்குக் கடல் அடைபட்டுக் கிடந்தது, 2009க்குப் பிறகு கடன் வாங்கிச் சிறுபடகும் வலையும் வாங்கினார்கள், அந்த வலைகளை நம் கரையிலிருந்து போன இழுவைமடிப் படகுகள் அறுத்துப் போயின, 2017இல் இலங்கை இழுவைமடியையே சட்டம் போட்டுத் தடை செய்தது என்று ஒவ்வொன்றாக அடுக்கினான். கடைசியில் தன் தரப்பு அமைச்சரையே திருப்பிக் கேட்டான்: “பிடிபட்ட படகை நாட்டுடைமையாக்கினால் அதில் கூலிக்குப் போனவன் குடும்பம் என்ன செய்யும்?” அந்தக் கேள்வியை நான் எழுதித் தரவில்லை.

தமிழ்நாடு சட்டமன்றம் கச்சத்தீவுக்காகப் பலமுறை தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறது. 2025 ஏப்ரலிலும் நிறைவேற்றியது. தொலைக்காட்சி விவாதங்களுக்கும் குறைவில்லை. அவற்றில் அக்கரைத் தமிழ் மீனவருக்கு ஒரு நாற்காலி போட்டு நான் பார்த்தது அரிது. எங்கள் வகுப்பில் அந்த நாற்காலி உண்டு.

பணம் எதுவும் வேண்டாம். மக்களவையின் பழைய விவாதங்கள் நாடாளுமன்றத்தின் மின்னூலகத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆங்கிலத்தில் இருப்பதை ஆங்கில ஆசிரியரோடு உட்கார்ந்து தமிழாக்கிக்கொள்ளலாம். கடலோரப் பள்ளிகளுக்குக் கச்சத்தீவு, தேனி பக்கத்துக்கு முல்லைப் பெரியாறு, டெல்டாவுக்குக் காவிரி என்று அந்தந்த வட்டாரத்துக்கு வழக்கு இருக்கிறது. பத்தாம் வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களே, அரையாண்டுத் தேர்வுக்கு முன்பு இரண்டே இரண்டு பாடவேளை ஒதுக்குங்கள். இரண்டாவது பாடவேளையில் கட்டாயம் இருக்கைகளை மாற்றிப் போடுங்கள்.