புதிய கணினி, திறக்காத பெட்டிகள்: கட்டற்ற மென்பொருளை மட்டும் வைத்து ஒரு மடிக்கணினியை இயக்க முடியுமா?

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11ஐப் போடுவதென்றால் கணினியில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இருக்க வேண்டும். இன்டெல் செயலி என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். களுவாஞ்சிக்குடியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் ரியூஷன் நிலையங்கள், போட்டோகொப்பிக் கடைகள், சங்கங்களின் அலுவலகங்கள் எனப் பல இடங்களில் பாவனையில் இருப்பவை இந்த நிபந்தனைக்குள் வராத பழைய கணினிகள். அவற்றில் பலவற்றில் ஓடுவதும் காசு கொடுத்து வாங்கிய விண்டோஸ் அல்ல, பென் டிரைவிலிருந்து ஏற்றிய கள்ளப் பிரதி.

“அப்படியென்றால் லினக்ஸ் போடலாம்தானே?” என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. போடலாம். ஆனால் நாம் பொதுவாக லினக்ஸ் என்று சொல்வதற்குள்ளும் யாரும் திறந்து பார்க்க முடியாத பெட்டிகள் இருக்கின்றன. கணினி புதிதாக இருக்க இருக்க அந்தப் பெட்டிகளின் எண்ணிக்கையும் கூடுகிறது. அவை எங்கே இருக்கின்றன, எவற்றை அகற்றலாம், எவற்றோடு வாழத்தான் வேண்டும் என்பதை இந்தக் கட்டுரையில் விளக்க முயல்கிறேன்.

இது ஏன் எங்களுக்கு முக்கியம்?

இந்த மாவட்டத்தில் ஒரு கணினிக்குள் என்ன இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து 158 பேர் கொண்டுசெல்லப்பட்டார்கள். அப்படிக் கொண்டுசெல்லப்பட்டவர்களின் பெயர்ப் பட்டியல்கள், தாய்மார் ஆணைக்குழுக்களுக்குக் கொடுத்த கடிதங்களின் பிரதிகள், எரிந்துபோன வீட்டின் காணி ஆவணங்கள், சாட்சியங்களின் ஒலிப்பதிவுகள். இவை ஒரு காலத்தில் தகரப் பெட்டிகளில் இருந்தன. இப்போது வன்வட்டுகளில் இருக்கின்றன. சுயாதீன ஊடகவியலாளர் என்ற முறையில் என்னிடமும் அப்படியான ஒலிப்பதிவுகள் உண்டு. பேசியவர்கள் என்னை நம்பிப் பேசினார்கள். நான் எந்த இயந்திரத்தை நம்புகிறேன் என்ற கேள்வி அதனால் எனக்கு வெறும் தொழில்நுட்பக் கேள்வி அல்ல.

பெர்மிட் காணியும் உறுதிக் காணியும்

கட்டற்ற மென்பொருள் என்றால் இலவச மென்பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். விலை இங்கே பிரச்சினை அல்ல. 1983 செப்டெம்பரில் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தபோது அவர் கேட்டது உரிமை. ஒரு மென்பொருளை எந்தத் தேவைக்கும் இயக்குவது, அதன் மூலநிரலைப் படித்து மாற்றுவது, பிரதி எடுத்துப் பகிர்வது, மாற்றியதையும் பகிர்வது ஆகிய நான்கும் பாவனையாளருக்கு இருந்தால்தான் அது கட்டற்றது.

எங்கள் பக்கத்து உதாரணத்தில் சொல்வதென்றால், விண்டோஸ் பெர்மிட் காணி போன்றது. குடியிருக்கலாம், வீடு கட்டலாம். ஆனால் நினைத்தபடி விற்கவோ கைமாற்றவோ முடியாது, நிபந்தனையை எழுதுபவர் வேறொருவர். கட்டற்ற மென்பொருள் உறுதிக் காணி.

இது எங்களுக்குப் புதிதும் அல்ல. 2004 டிசெம்பர் 26 சுனாமி இந்தக் கரையை அள்ளிச் சென்ற சில நாட்களுக்குள், இலங்கையின் கணினித்துறைத் தொண்டர்கள் சஹானா என்ற மென்பொருளை எழுதத் தொடங்கினார்கள். காணாமற்போனவர்களைத் தேடுவது, முகாம்களின் விபரங்களைத் திரட்டுவது, எந்த உதவி எங்கே தேவை என்று பதிவது ஆகியவை அதன் வேலைகள். அது கட்டற்ற மென்பொருளாக வெளியிடப்பட்டதால் 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2006 பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும் அதைத் தங்கள் தேவைக்கேற்ப மாற்றிப் பயன்படுத்த முடிந்தது. 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதை ஸ்டால்மன் நிறுவிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சஹானாவுக்கு வழங்கியது.

கணினிக்குள் இருக்கும் சின்னக் கணினிகள்

அப்படியானால் சிக்கல் எங்கே? நாம் ஒரு மடிக்கணினி என்று வாங்குவது உண்மையில் ஒரு கணினி அல்ல. அதன் வைஃபை அட்டைக்குள் ஒரு சிறு செயலி உண்டு. வரைகலைச் சிப்புக்குள் சில உண்டு. ஒலிக்கு ஒன்று, புளூடூத்துக்கு ஒன்று. இவை ஒவ்வொன்றும் இயங்குவதற்குத் தனித்தனி நிரல் வேண்டும். அதை நிலைபொருள் என்கிறோம்.

முன்பு அந்த நிரலைத் தொழிற்சாலையிலேயே சிப்புக்குள் எழுதிவிடுவார்கள். இப்போது பெரும்பாலான சிப்புகள் வெறுமையாக வருகின்றன. ஒவ்வொரு முறை கணினியைப் போடும்போதும் இயங்குதளம்தான் அந்த நிரலை எடுத்துச் சிப்புக்குள் ஊட்ட வேண்டும். அந்த நிரலுக்கு மூலநிரல் கிடையாது. உற்பத்தி நிறுவனம் தருவது எண்களின் குவியல் மட்டும். உபுண்டு, ஃபெடோரா போன்ற பிரபலமான லினக்ஸ் வழங்கல்கள் இந்தக் குவியலைச் சேர்த்தே தருகின்றன. அதனால்தான் அவற்றில் எல்லாம் வேலை செய்கிறது.

இதை ஏற்காதவர்களும் இருக்கிறார்கள். இலத்தீன் அமெரிக்கக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, லினக்ஸ் கருவிலிருந்து இப்படியான பகுதிகளை நீக்கி லினக்ஸ்-லிப்ரே என்ற பெயரில் வெளியிடுகிறது. அதை வைத்துக் கட்டப்பட்ட முழுக் கட்டற்ற இயங்குதளங்களில் ஸ்பெயினின் கலீசியாவில் உருவான டிரிஸ்குவல் சாதாரணப் பாவனையாளருக்கு இலகுவானது. பரபோலா, குயிக்ஸ், பியூர்ஓஎஸ் ஆகியவையும் இந்த வகையே.

புதிய மடிக்கணினியில் டிரிஸ்குவல்

அண்மைய ஆண்டுகளில் வந்த ஒரு மடிக்கணினியில் டிரிஸ்குவலைப் போட்டுப் பார்த்தேன். நிறுவுவதற்கு அரை மணித்தியாலம்கூட எடுக்கவில்லை. விசைப்பலகை, திரை, வன்வட்டு, யூஎஸ்பி எல்லாம் சரி. லிப்ரே ஒபிஸ் திறந்தது, தமிழ் எழுத்துருக்கள் ஒழுங்காகத் தெரிந்தன. தமிழ்99, ரெங்கநாதன் விசைப்பலகை இரண்டிலும் தட்டச்சு செய்ய முடிந்தது.

ஆனால் வைஃபை என்ற ஒன்று இருப்பதாகவே கணினி காட்டவில்லை. புளூடூத்தும் அப்படியே. வீடியோ தடக்கித் தடக்கி ஓடியது. உள்ளிருக்கும் மைக் வேலை செய்யவில்லை.

இவை பிழைகள் அல்ல. ஒவ்வொன்றுக்கும் தெளிவான காரணம் உண்டு. அண்மைய தலைமுறை வைஃபை அட்டைகள் ஏறத்தாழ எல்லாமே மூடிய நிலைபொருளை எதிர்பார்ப்பவை. ஏஎம்டி வரைகலைச் சிப்புகள் அது இல்லாமல் வெறும் படத்தை மட்டும் காட்டும். என்விடியா 2014இல் வெளியிட்ட ஜிடிஎக்ஸ் 900 வரிசையிலிருந்து தானே கையொப்பமிட்ட நிலைபொருளை மட்டுமே தன் சிப்புகள் ஏற்கும்படி செய்தது. இன்டெல் வரைகலையில் 2015க்கு முந்தையவை இப்படியான கோப்புகள் இல்லாமலே ஓடும். அதன் பிறகு தலைமுறைக்குத் தலைமுறை தேவை கூடியது.

இவற்றில் மிக வினோதமானது ஒலி. புதிய இன்டெல் மடிக்கணினிகள் பலவற்றின் ஒலிச் சிப்புக்கான நிலைபொருளின் மூலநிரல் வெளிப்படையாகவே இருக்கிறது. யாரும் படிக்கலாம், மாற்றலாம். ஆனால் இன்டெல்லின் கையொப்பம் இல்லாமல் பெரும்பாலான கணினிகள் அதை ஏற்காது. காணி உறுதி எங்கள் கையில், கேற்றுத் திறப்பு இன்னொருவர் கையில் என்ற நிலை இது.

இணைய இணைப்புக்கு என்ன வழி?

இதற்கு வழி இருக்கிறது. முதலாவது, நம் கையில் ஏற்கெனவே இருக்கும் ஆண்ட்ராய்ட் போன். அதை யூஎஸ்பி வயரில் இணைத்து, அமைப்புகளில் யூஎஸ்பி வழியாக இணையம் பகிரும் வசதியைப் போட்டால், மடிக்கணினி அதை வயர் இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். மடிக்கணினிக்குள் எந்த மூடிய நிரலும் ஏற்ற வேண்டியதில்லை. போனுக்குள் ஓடுவது மூடிய மென்பொருள் என்பது வேறு விடயம்.

இரண்டாவது, வைஃபை டொங்கிள். ஏதெரோஸ் ஏஆர்9271 என்ற சிப்புக்கான நிலைபொருளின் மூலநிரல் 2013இல் கட்டற்ற உரிமத்தில் வெளியிடப்பட்டது. அந்தச் சிப் கொண்ட டொங்கிள் டிரிஸ்குவலில் குத்தியவுடன் வேலை செய்யும். வேகம் குறைவு, செய்தி எழுதவும் மின்னஞ்சல் அனுப்பவும் தாராளமாகப் போதும். வாங்கும்போது கவனம் தேவை: டிபி-லிங்க் 722என் டொங்கிளின் முதலாம் பதிப்பில் இந்தச் சிப் இருந்தது, இரண்டாம் பதிப்பிலிருந்து அதே பெயரில் வேறு சிப். பெட்டியில் உள்ள பெயரை அல்ல, பதிப்பு எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும்.

கோட்டை எங்கே போடுவது?

இதில் கட்டற்ற மென்பொருள்காரர்களுக்குள்ளேயே உடன்பாடு இல்லை. டெபியன் இயங்குதளம் 2011இலிருந்து மூடிய நிலைபொருளைத் தன் அதிகாரபூர்வ நிறுவல் வட்டுகளில் சேர்க்காமலே இருந்தது. 2022இல் அதன் உருவாக்குநர்கள் வாக்கெடுப்பு நடத்தி அந்த முடிவை மாற்றினார்கள். 2023 ஜூன் 10ஆம் திகதி வெளியான டெபியன் 12இலிருந்து தேவையான நிலைபொருள் நிறுவலோடு சேர்ந்தே வருகிறது. வைஃபை இல்லாமல் நிறுவவே முடியாமல் தவிக்கும் புதியவர்களைத் திருப்பி அனுப்புவதால் யாருக்கும் சுதந்திரம் கிடைப்பதில்லை என்பது ஒரு வாதம். ஒரு முறை விட்டுக்கொடுத்தால் சிப் தயாரிப்பவர்களுக்கு மூலநிரலைத் தரவேண்டிய அழுத்தமே இருக்காது என்பது மறு வாதம்.

இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் முழுத் தூய்மை பேசுபவர்கள் விளக்கச் சிரமப்படும் ஒன்றும் உண்டு. ஒரே மாதிரியான மூடிய நிரல் தொழிற்சாலையில் சிப்புக்குள் எழுதப்பட்டிருந்தால் அதை வன்பொருளின் பகுதி என்று ஏற்கிறார்கள். இயங்குதளம் ஊட்டினால் மறுக்கிறார்கள். செயலியின் உள்நிரலுக்கும் இதே கதைதான். 2018 ஜனவரியில் ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற செயலிக் குறைபாடுகள் அம்பலமானபோது அவற்றுக்கான திருத்தங்களில் ஒரு பகுதி மூடிய உள்நிரலாகவே வந்தது. அதை மறுப்பவரின் செயலியிலும் பழைய, திருத்தப்படாத மூடிய உள்நிரல் ஏற்கெனவே இருக்கிறது.

எந்த இயங்குதளமும் தொட முடியாத பகுதி

இதற்கும் கீழே இன்னொரு அடுக்கு உண்டு. ஏறத்தாழ 2008இலிருந்து இன்டெல் கணினிகளில் மனேஜ்மென்ட் எஞ்சின் என்ற தனிச் செயலி இருக்கிறது. விண்டோஸ், டிரிஸ்குவல் எது ஓடினாலும் அது தன்பாட்டில் ஓடும். ஏஎம்டியில் 2013இலிருந்து இதற்கு ஒப்பான ஒன்று உண்டு. 2017 மே மாதத்தில், இந்த எஞ்சினின் தொலைமுகாமை வசதியில் பல ஆண்டுகளாக இருந்த ஓர் ஓட்டையை இன்டெல் ஒப்புக்கொண்டு திருத்தம் வெளியிட்டது. அலுவலகங்களுக்கான கணினிகளே அதனால் கூடுதலாகப் பாதிக்கப்பட்டன. இது உளவு பார்க்கிறது என்று சொல்ல ஆதாரம் இல்லை. பார்க்கவில்லை என்று வெளியார் சோதித்து உறுதிப்படுத்தவும் வழி இல்லை.

இதை முற்றாக நீக்கக்கூடிய இன்டெல் மடிக்கணினிகள் திங்க்பேட் எக்ஸ்200 போன்ற 2008ஆம் ஆண்டுக் காலத்தவை. அவற்றின் பயோஸையே லிப்ரேபூட் என்ற மென்பொருளால் மாற்றலாம். பழைய இயந்திரங்கள்தான்; எழுத்து வேலைக்கு இன்னும் போதும்.

நான் வந்து சேர்ந்த ஏற்பாடு

அண்மைய மடிக்கணினி ஒன்றை முழுக்க முழுக்கக் கட்டற்ற மென்பொருளால் மட்டும் இயக்க முடியுமா என்றால், இன்றைக்கு முடியாது என்பதே நேர்மையான பதில். இயங்குதளத்தைச் சுத்தமாக வைத்திருக்கலாம். அதற்குக் கீழே உள்ளதை முடியாது. ஆகவே எந்த வேலைக்கு எந்த இயந்திரம் என்று பிரித்துக்கொண்டேன்.

அன்றாட வேலை, இணையம், வீடியோ ஆகியவற்றுக்குப் புதிய மடிக்கணினியில் டெபியன். எந்த மூடிய நிலைபொருள் உள்ளே இருக்கிறது என்று அது தனிப் பிரிவாகக் காட்டுவதால், எதை விட்டுக்கொடுத்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். சாட்சியங்களுக்கும் பட்டியல்களுக்கும் டிரிஸ்குவல் போட்ட ஒரு பழைய மடிக்கணினி. அது இணையத்தோடு சேர்வதில்லை. வைஃபை வேலை செய்யாதது அங்கே குறை அல்ல, வசதி. நிறுவும்போதே வன்வட்டு முழுவதையும் குறியாக்கம் செய்யும் தெரிவு இரண்டிலும் உண்டு. அதைக் கட்டாயம் போட வேண்டும்.

இந்த வேலையில் ஈடுபடும் அமைப்புகளுக்கு மூன்று விடயங்களைச் சொல்வேன். ஒன்று, கணினி வாங்கப் போகும்போது டிரிஸ்குவல் அல்லது டெபியன் ஏற்றிய பென் டிரைவைக் கொண்டுசெல்லுங்கள். நிறுவாமலே அதிலிருந்து கணினியை இயக்கிப் பார்க்கலாம். எது வேலை செய்கிறது என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இரண்டு, பாமினி எழுத்துருவில் உள்ள பழைய ஆவணங்களை யுனிகோடுக்கு மாற்றுங்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் உங்கள் பிள்ளையின் பெயர் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். மூன்று, கள்ளப் பிரதி விண்டோஸில் சாட்சியங்களை வைக்காதீர்கள். அதற்குள் யார் எதைச் சேர்த்திருக்கிறார்கள் என்று ஏற்றித் தந்தவருக்கே தெரியாது.

கட்டற்ற மென்பொருள் எல்லாவற்றிலிருந்தும் காப்பாற்றாது. ஒருவர் முன்னால் வந்து நின்று கடவுச்சொல்லைக் கேட்டால் டிரிஸ்குவலால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் ஒவ்வொரு ஆவணத்துக்கும் நம்பகமான இன்னோர் இடத்தில் ஒரு பிரதி இருக்க வேண்டும். அந்தப் பிரதி இன்னும் இருபது ஆண்டுகள் கழித்தும், எந்த நிறுவனத்தின் அனுமதியும் இல்லாமல், அந்தக் குடும்பத்தின் பேரப்பிள்ளை திறந்து வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். சிப்புகளின் பூட்டுகளை இன்று எங்களால் உடைக்க முடியாவிட்டாலும், இதை இன்றே செய்யலாம்.